நாற்பத்து மூணு இஞ்சுத் தண்ணீர்

கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த அந்த ஊரில் கடலைமிட்டாய்க்கும் ஹாக்கி மட்டைக்கும் என்றைக்கும் குறைவிருந்ததில்லை, தெருவுக்குத் தெரு பாகு கொதிக்கும், சந்துக்குச் சந்து பந்து உருளும், தண்ணீர் மட்டும்தான் பன்னிரண்டு நாளைக்கு ஒருதரம் நினைத்துக்கொண்டு வந்து குழாயில் ரெண்டு குடம் இருமிவிட்டுப் போகும். அப்படிப்பட்ட ஊரில், எட்டு வீட்டுக் காம்பவுண்டின் மூணாம் நம்பர் வீட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், செம்பகம் ஸ்டூல் மேல் ஏறி நின்று சுவரை நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தாள். ஜன்னல் ஓரத்திலிருந்து பீரோ ஓரம் வரைக்கும் நூலை இழுத்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டு, தையல் டேப்பில் வைத்துப் பார்த்தால் முப்பத்தெட்டு இஞ்சு. அன்றைக்கே காம்பவுண்டு முழுக்கச் சொல்லிவிட்டாள், தங்கள் வீட்டுக்கு முப்பத்தெட்டு இஞ்சு டிவி வருகிறது என்று.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மகள் கார்த்தீஸ்வரி ரெண்டு வருசத்துக்கு முன் விளையாட்டு விடுதிக்குப் போனவள், இப்போது மாநில ஜூனியர் பெண்கள் ஹாக்கி அணிக்குக் கோல்கீப்பர், ரெண்டு நாள் ரயிலேறி வடக்கே ஏதோ ஓர் ஊருக்கு ஆடப் போயிருந்தாள். "ஃபைனல் போனா டிவில காட்டுவாகளாம்மா. இந்த ஞாயிறு இல்ல, அடுத்த ஞாயிறு" என்று முந்தின நாள் போனில் சொல்லியிருந்தாள். வீட்டிலிருந்த பழைய டப்பா டிவியோ சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு விரல் அகலக் கோடாகிப்போயிருந்தது, செய்தி வாசிக்கிறவரின் மூக்கு மட்டும்தான் அதில் தெரியும். மகள் ஆடிய ஆட்டமெல்லாம் மிட்டாய்க் கம்பெனியில் பாகு இறக்குகிற நேரத்திலேயே நடந்தபடியால், செம்பகம் அவள் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை.

"செல்லுல பாத்துக்கிடலாமே" என்றான் புருசன் கோமதிநாயகம். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், சட்டைப் பையிலிருந்த பதினாலாயிரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டே பேசினான்.

"கோல்கீப்பர் ஓரத்துல நிக்கிறவ. உள்ளங்கை அகலத்துல எம்புள்ளய நான் எங்குட்டுன்னு தேடுவேன்?"

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் சுவர் நிறைய டிவிகள் ஓடிக்கொண்டிருந்தன, எல்லாவற்றிலும் ஒரே படம்: ஒரு கிளி சிறகை விரிக்கும், ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கத்தி ரெண்டாகப் பிளக்கும், பிறகு மலை மேலிருந்து அருவி விழும், மறுபடியும் கிளி. விற்பனைக்கு நின்ற டைட்டஸ் என்ற இளைஞன் ஓடிவந்தான்.

"எத்தன இஞ்சு பாக்குறீகக்கா?"

"முப்பத்தெட்டு" என்று நூலை நீட்டினாள் செம்பகம்.

"முப்பத்தெட்டுன்னு ஒரு டிவி உலகத்துலயே கெடையாதேக்கா."

"அதெப்பிடிக் கெடையாது? எங்க செவுத்துல இருக்கே."

டைட்டஸ் சிரிக்காமல் நூலை வாங்கினான், அதற்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போனது. "டிவிய குறுக்க அளக்கக் கூடாதுக்கா. மூலைலருந்து எதுத்த மூலைக்கு அளக்கணும். இந்தா பாருங்க, உங்க நூலுக்கு நாப்பத்து மூணு கச்சிதமா உக்காரும். ஒரு வெரக்கடை மிச்சமும் இருக்கும்."

நாற்பத்து மூணு என்றதும் செம்பகத்தின் முகம் விளக்கேற்றியது போல ஆயிற்று, விலை அட்டையைப் பார்த்ததும் கோமதிநாயகத்தின் கை சட்டைப் பையை இன்னும் இறுக்கிக்கொண்டது. இருபத்து மூவாயிரம். பழைய டிவியைக் கொடுத்தால் ஐநூறு குறையும். முப்பத்து ரெண்டு இஞ்சென்றால் பதிமூணரைக்கு முடிந்துவிடும், மூணு வருச வாரண்டி, ஸ்டெபிலைசர் சும்மா கிடைக்கும், ரிமோட்டைப் பார்த்து வாயால் சொன்னாலே சேனல் மாறும். "இத முடி, புள்ள" என்றான் அவன். அவளோ ஒவ்வொரு டிவி முன்பும் போய் நின்று, நடுப்படத்தை விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள், கிளியின் வால் நுனி எதில் நன்றாகத் தெரிகிறது, அருவிக்குப் பக்கத்துப் பாறையில் எத்தனை செடி எண்ண முடிகிறது என்று. அப்படி நடந்து நடந்து கடைசி மூலைக்கு வந்தபோது அங்கே ஒரு நாற்பத்து மூணு இஞ்சு தனியாக மாட்டியிருந்தது, அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளியும் துடைக்கிற மாப்பும். அருவி வருகிற முறை வந்ததும் அதன் கீழ் விளிம்பிலிருந்து வாளிக்குள் தண்ணீர் சளசளவென்று விழுந்தது, கிளி வந்ததும் நின்றது.

"இது டிஸ்ப்ளே பீசுக்கா" என்றான் டைட்டஸ், குரலைத் தாழ்த்தி. "பதினாலாயிரம்னா எடுத்துக்கிடலாம். படம் தங்கமா இருக்கும். ஒரே ஒரு கம்ப்ளைன்ட்டுதான். நனையும்."

"எதுக்கு நனையும்?"

"உள்ள தண்ணி வந்தா வெளியவும் வரும். வாரண்டில இதுக்கு எடமில்லன்னுட்டாக."

"ஷாக்கு அடிக்குமா?" என்றான் கோமதிநாயகம்.

"ரெண்டு மாசமா நான்தான் தொடைக்கேன் அண்ணாச்சி. ஒண்ணும் செய்யல."

செம்பகம் விரலை நீட்டி விளிம்பில் தொங்கிய ஒரு சொட்டை எடுத்து நாக்கில் வைத்தாள். குளிர்ந்திருந்தது, இலை வாசம் அடித்தது. பிறகு திரையின் இடது ஓரத்தில், பாறையிடுக்கில், நகம் அளவு இருந்த ஒரு மஞ்சள் பூவைப் பார்த்தாள். அந்தப் பூ அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தால் மகளும் தெரிவாள். "இதக் கட்டுங்க தம்பி" என்றாள்.

அன்று சாயங்காலம் டிவியைச் சுவரில் மாட்டி, காம்பவுண்டு முழுக்க வந்து உட்கார்ந்து, பழைய படம் ஒன்றைப் போட்டார்கள். மூணாவது பாட்டில் மழை வந்தது. முதல் வரிசையில் இருந்தவர்கள் நனைந்தார்கள், கத்தினார்கள், பின்வரிசைக்காரர்கள் முன்னால் வந்தார்கள். எட்டாம் நம்பர் வீட்டுத் தங்கமாரி மட்டும் எழுந்து போய், தன் வீட்டு அண்டாவைத் தூக்கி வந்து டிவிக்குக் கீழே வைத்துவிட்டு, "பாட்டத் திரும்பப் போடுங்கட்டி" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்தக் காம்பவுண்டுக்குச் சீக்கிரமே பழகிப்போயிற்று. கோமதிநாயகம் தகரத்தை மடித்து டிவிக்குக் கீழே ஒரு ஓடை கட்டி, ஜன்னல் வழியாகக் குழாய் இறக்கி, முற்றத்து டிரம்மில் விட்டான். குடங்களுக்குச் சாக்பீசால் நம்பர் போட்டார்கள். எந்தச் சேனலில் எந்தத் தண்ணீர் வரும் என்பது தங்கமாரிக்கு ரெண்டே நாளில் அத்துபடியாகி, ரிமோட்டை அவள் இடுப்பில் சொருகிக்கொண்டாள், யாரும் ஏனென்று கேட்கவில்லை. சினிமா மழை பாத்திரம் துலக்கத்தான் ஆகும், அது லாரித் தண்ணீர், குளோரின் வாடை வீசும். சீரியல் அழுகைக்கு அரை டம்ளர் தேறும், உப்பு கரிக்கும், ஊறுகாய்ப் பரணிக்கு ஊற்றிக்கொள்ளலாம். குளிர்பான விளம்பரம் வந்தால் சின்னப் பிள்ளைகள் டம்ளரோடு பாய்வார்கள், பத்து நொடியில் ஆளுக்கு ஒரு மடக்கு. பனிமலையைக் காட்டினால் கையளவு ஐஸ் உதிரும், அதை ரெண்டாம் நம்பர் வீட்டுப் பேச்சி துணியில் சுற்றிக் கொண்டுபோய் மீன் மேல் வைப்பாள். வெள்ளச் செய்தி ஓடிய அன்று மட்டும் ஓடையில் செம்மண் தண்ணீரும் அதோடு ஒரு பிள்ளையின் ஒற்றைச் செருப்பும் வந்தன. தங்கமாரி டிவியை உடனே நிறுத்தினாள். செருப்பைக் கழுவி ஜன்னலில் காயவைத்தார்கள். அந்தத் தண்ணீரை ஒருவரும் தொடவில்லை, அதற்குப் பிறகு வெள்ளச் செய்தி பார்க்கும்போதெல்லாம் ஓடையைத் துணியால் அடைத்துவிட்டுத்தான் பார்த்தார்கள்.

வீட்டு உடைமைக்காரர் ஆவுடையப்பன் வாடகையை ஏற்றலாமென்று வந்தவர், வாசலில் நின்று ரெண்டு நிமிசம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் ரெண்டு குடத்தோடு வந்தார். பதினஞ்சும் பதினாறும் அவருடைய நம்பர். குழாய் வரி ஆபீசிலிருந்து ஒருவர் நோட்டோடு வந்தார்.

"இந்தத் தண்ணிக்குக் கனெக்சன் எங்கருந்து எடுத்துருக்கீக?"

"கேபிள்காரர்ட்டருந்து" என்றாள் பேச்சி.

அவர் டிவியைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார், டிவிக்குப் பின்னால் தடவிப் பார்த்தார், நோட்டில் 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று எழுதிவிட்டு, ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

ஆனால் குடிக்கிற தண்ணீர் என்று சொன்னால் அது ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்தான். முதல் ஞாயிறு நாலு மணிக்கு ஒரு சேனலில், மலை மலையாக ஏறி அருவி அருவியாகக் காட்டுகிற ஒரு வாராந்திர நிகழ்ச்சி ஓடியது, ஒரு மணி நேரத்தில் காம்பவுண்டின் அத்தனை குடமும் நிறைந்து, பக்கத்துச் சந்துக்கும் போயிற்று. அதில் சோறு வைத்தால் மல்லிகைப் பூவாக வந்தது, பருப்பு கொதிக்கும் முன்பே கரைந்தது. அதைக் குடித்துவிட்டுத்தான் தங்கமாரி தன் மகள் வளைகாப்பை அடுத்த ஞாயிறுக்கு மறுநாள் என்று வைத்தாள். "மண்டபம் எதுக்கு? தண்ணிதான் வீட்டுக்குள்ளயே விழுதே. நூறு பேருக்கு இங்கயே ஆக்கிப்போடுதேன். என்ன செம்பகம்?" என்று கேட்டாள், செம்பகமும் சிரித்துக்கொண்டே "அதுக்கென்னக்கா" என்று தலையாட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மிட்டாய் சுற்றிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "அம்மா! செமில ஜெயிச்சுட்டோம்! ஃபைனல்! ஞாயிறு நாலு மணி!"

செம்பகம் அங்கேயே எழுந்து ஆடினாள், கம்பெனியில் இருந்த பன்னிரண்டு பெண்களும் கூட ஆடினார்கள், சுற்றாத மிட்டாயை எல்லோரும் தின்றார்கள், மேஸ்திரியும் ஒன்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் பாதி தூரம் ஓட்டமும் நடையுமாக வந்த பிறகுதான் அருவி நிகழ்ச்சிக்கும் அதே நாலு மணி என்பது அவள் நெஞ்சில் உறைத்தது.

தங்கமாரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விசயத்தைக் கேட்டதும் முறம் நின்றது.

"நூறு பேருக்குச் சோறு ஆக்கணும்ட்டி. லாரிக்காரன் பத்து நாள் கழிச்சு வாரேங்கான். ஒம்மக பந்தத் தடுத்தா எம்மகளுக்கு ஒல கொதிக்குமா?"

"எக்கா, ரெண்டு வருசமா…"

"தலையாட்டுனியா இல்லயா?"

தலையாட்டினது உண்மை. செம்பகம் திரும்பி வீட்டுக்கு நடந்தாள். சனிக்கிழமை முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை, ஒரே மிட்டாயை ரெண்டு தாளில் சுற்றினாள், ரெண்டு மிட்டாயை ஒரே தாளில் சுற்றினாள். "நம்ம டிவிதான, புள்ள? கேட்டு வாங்கு" என்றான் கோமதிநாயகம். "டிவி நம்மளது. தண்ணி எல்லாருக்குமுல்லா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கே வீடு நிறைந்துவிட்டது. பந்தல்காரர்கள் கடன்கொடுத்த இடுப்பளவு அண்டாக்கள் நாலு, நம்பர் போட்ட குடங்கள் முப்பத்தாறு, வாளி, தேக்சா, குக்கர், ஆவுடையப்பன் கொண்டுவந்த பிள்ளை குளிப்பாட்டுகிற தொட்டி, எல்லாம் வாயைத் திறந்துகொண்டு டிவியைப் பார்த்து வரிசையில் இருந்தன. மூணு ஐம்பதுக்குச் செம்பகம் தங்கமாரி முன்னால் போய் நின்றாள்.

"எக்கா, ரிமோட்டக் குடுங்க. நான் தலையாட்டுனது வாஸ்தவம். இப்ப வாயால கேக்குதேன். எம்புள்ள தரைல விழுந்து எந்திரிக்கிறத நான் ஒருதரம்கூடப் பாத்ததில்ல. முழங்கைல காயத்தோட வருவா, மருந்துதான் போட்டிருக்கேன். இன்னைக்கு ஒருநாள் எனக்குக் காட்டிருங்க. ஆட்டம் முடிஞ்சதும் இந்த டிவியக் கழத்தி ஒங்க வீட்டுல மாட்டிக்கோங்க. எனக்கு வேண்டாம். நெசமாத்தான் சொல்லுதேன்."

தங்கமாரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து ரிமோட்டை உருவி, கையில் கொடுக்காமல், கவிழ்த்திருந்த ஒரு குடத்தின் மேல் டக்கென்று வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"ஆடட்டும். நாளைக்கு வாரவுகளுக்குப் பந்த அவிச்சுப் போடுதேன்."

செம்பகம் ரிமோட்டை எடுத்து அமுக்கினாள். ரெண்டு தடவை தப்பான சேனல் வந்தது, மூணாம் தடவை திரை முழுக்க நீலமாக ஒரு மைதானம் விரிந்தது. புல்லில்லை, மண்ணில்லை, துவைத்து விரித்த பாய் மாதிரி ஒரு தரை. ஆட்டக்காரர்கள் யாரும் இன்னும் இறங்கவில்லை. ஹிந்தியில் ஒருவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சிதான் வடக்கே ரெண்டு வருசம் இருந்தவள், அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

"என்னமோ… தரை காஞ்சிருந்தா பந்து ஓடாதாம் மயினி. ஆட்டத்துக்கு முன்னாடி அதுக்கு…"

அவள் முடிக்கவில்லை. மைதானத்தின் ஓரங்களிலிருந்து எட்டுப் பீச்சாங்குழாய்கள் தலையைத் தூக்கி, தென்னை உயரத்துக்குத் தண்ணீரைச் சீறின. அடுத்த நொடி தகர ஓடை அதிர்ந்தது, நிரம்பியது, ரெண்டு பக்கமும் வழிந்தது, முதல் அண்டாவில் அருவிச் சத்தம் கேட்டது, எட்டு வீடும் ஒரே குரலில் "ஆத்தாடீ!" என்று கூவியது.

"குடத்தக் குடு, குடத்தக் குடு!"

"ஏ, ஏழாம் நம்பர முன்னாடி தள்ளு!"

"அண்ணாச்சி, அந்தத் தொட்டிய இங்குட்டு!"

"வெளையாடுறதுக்கா இம்புட்டுத் தண்ணி!" என்று கத்தினாள் பேச்சி, தலையிலிருந்து வழிந்தபடி. "நம்ம தொண்ட காஞ்சா ஒண்ணுமில்ல, தரை காஞ்சாத்தான் குத்தமா!"

தங்கமாரி சுவர்ப்பக்கமிருந்து திரும்பினாள். ஓடையில் கைவிட்டு ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தாள். அருவித் தண்ணீர் போல இனிப்பு இல்லை, ஆனாலும் நல்ல தண்ணீர், உலை வைக்கலாம். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அண்டாவின் காதைப் பிடித்தாள்.

அப்படியாக ஒரு பக்கம் குடம் கைமாற, ஒரு பக்கம் ஆட்டம் தொடங்கியது. தலைக்கவசமும், நெஞ்சுக்கவசமும், கால் ரெண்டிலும் தலையணை போலக் கட்டியதுமாக, திரையின் இடது ஓரத்தில், அருவிப் படத்தில் மஞ்சள் பூ இருந்த அதே இடத்தில், ஓர் உருவம் நின்றது. முகம் தெரியவில்லை. இடது குதிகாலைத் தரையில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றது. பள்ளிக்கூடம் போகிற வயதில் ஜடை பின்னும்போது அப்படித்தான் தட்டுவாள், அவசரம் தாங்காமல். "இந்தா நிக்கால்ல!" என்று செம்பகம் கத்திய கத்தலில் கோமதிநாயகம் கையிலிருந்த குடத்தைக் கீழே விட்டான்.

இருபதாவது நிமிசத்தில் நம் பிள்ளைகள் ஒரு கோல் போட்டார்கள். இடைவேளையில் மறுபடியும் எட்டுக் குழாயும் தலை தூக்கின, மிச்சமிருந்த பாத்திரமெல்லாம் நிறைந்தது, பக்கத்துச் சந்துக்காரர்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு தண்ணீரை யாரும் கவனிக்கவில்லை. எதிரணி வலையைச் சுற்றி வளைத்துக்கொண்டு அடி அடியென்று அடித்தது, கார்த்தீஸ்வரி விழுந்து தடுத்தாள், எழுந்து தடுத்தாள், படுத்துக்கொண்டு காலால் உதைத்தாள், அவள் விழும்போதெல்லாம் நனைந்த தரையிலிருந்து தெறித்த தண்ணீர் முன்வரிசையின் முகத்தில் சுளீரென்று அடித்தது, அடிக்க அடிக்க அவர்கள் இன்னும் முன்னால் நகர்ந்தார்கள். தங்கமாரி அண்டாவின் மேலேயே ஏறி நின்றுகொண்டு, "தடுட்டீ! விட்றாத! அந்தச் செவப்புச் சட்டக்காரிய நம்பாத!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

கடைசி நிமிசத்தில் எதிரணிக்குப் பெனால்ட்டி ஸ்ட்ரோக் கொடுத்துவிட்டார்கள். எல்லா ஆட்டக்காரர்களும் தூரப் போக, ஏழு கஜத்தில் பந்து, பந்தடியில் ஒரே ஒருத்தி, வலைக்கு முன்னால் ஒரே ஒருத்தி. காம்பவுண்டில் ஓடை சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கார்த்தீஸ்வரி குதிகாலை ரெண்டு தட்டுத் தட்டினாள். இந்தப் பக்கம் செம்பகத்தின் குதிகாலும் ரெண்டு தட்டுத் தட்டியது. பந்து திரையின் வலது மேல் மூலைக்குப் பறந்தது, அவள் இடது கீழ் மூலையிலிருந்து முழு உடம்பையும் நீட்டிக்கொண்டு எதிர்த்த மூலைக்குப் பறந்தாள், அந்த நீட்டத்தை யாராவது நூல் பிடித்து அளந்திருந்தால் சுவர் போதாது, கையுறையின் நுனியில் பட்டுப் பந்து வெளியே போயிற்று.

அந்தச் சத்தத்தில் ஆவுடையப்பனின் தொட்டி கவிழ்ந்ததை யாரும் பார்க்கவில்லை. தங்கமாரி அண்டாவுக்குள் ஒரு காலை விட்டுவிட்டாள், விட்ட காலோடு அழுதாள், சிரித்தாள், பேச்சியைக் கட்டிக்கொண்டாள், "டிவி இங்கயே இருக்கட்டும்ட்டி, யாருக்கு வேணும் ஒங்க டிவி!" என்று செம்பகத்தைப் பார்த்துத் திட்டினாள்.

செம்பகத்துக்கு ஒன்றும் காதில் விழவில்லை. திரையில், ஆட்டம் ஜெயித்து முடிந்து, கார்த்தீஸ்வரி தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கேமரா கிட்டப் போனது, நாற்பத்து மூணு இஞ்சும் அவள் முகமாயிற்று, மூலையிலிருந்து மூலைக்கு. கறுத்திருந்தாள், மெலிந்திருந்தாள், புருவத்தில் புதிதாக ஒரு தழும்பு, அதைப் பற்றிப் போனில் சொல்லவே இல்லை. பாட்டிலைத் தூக்கித் தலையில் மொத்தமாகக் கவிழ்த்துக்கொண்டு, நனைந்த நாயைப் போலத் தலையை உதறினாள், தண்ணீர் செம்பகத்தின் கண்ணிலும் வாயிலும் விழுந்தது, வியர்வையோடு கலந்து வெதுவெதுப்பாக.

"ஏட்டி, சளி பிடிக்கப்போவுது" என்றாள் செம்பகம். முந்தானையை உருவிக்கொண்டு எழுந்துபோய், திரையின் மேல் அழுத்தி, உச்சியிலிருந்து ஆரம்பித்துத் துவட்டினாள், பிடரியைத் துவட்டினாள், காதுக்குப் பின்னால் துவட்டினாள். முந்தானை சொட்டச் சொட்ட நனைந்தது. அங்கே, ஆயிரம் பேர் கத்துகிற மைதானத்தில், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் தனியாக நின்ற கார்த்தீஸ்வரி, கண்ணை மூடி, தலையை மெல்ல இடது பக்கம் சாய்த்துக் கொடுத்தாள்.

"மயினி, கொஞ்சம் நகருங்க, மறைக்குது" என்றாள் பேச்சி பின்னாலிருந்து.

செம்பகம் நகரவில்லை.